முதுமையிற் செவிச்செல்வம்

அறிவு புகும் வாயில்களுள் செவிக்கு நம் முன்னோர் தனிச்சிறப்பு அளித்தனர். ஆசிரியரை அடைந்து பயில்வதைப் 'பாடங்கேட்டல்' என்றே வழங்கினர். கற்றறிந்தோரைக் 'கேள்வியிற் சிறந்தோர்' என்று போற்றினர். திருவள்ளுவர் 'கேள்வி' என்னும் அதிகாரத்தைக் 'கல்லாமை'க்கும் 'அறிவுடைமை'க்கும் இடையே வைத்துள்ளார். ஏட்டைத் தொடாதவனும் செவியின் துணைகொண்டு அறிவுடைமைக்கு ஏறலாம் என்பது அவ்வைப்புமுறை உணர்த்தும் கருத்தெனலாம். இத்துணைச் சிறப்புடைய செவி, வாழ்நாளின் பிற்பகுதியில் தளரும்போது மனிதனுக்கு நேர்வது யாது? அவன் இழப்பது ஒலியையா, சொல்லையா, சுற்றத்தையா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழா மலரொன்றில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடும் மண்டபத்தைச் சற்று நோக்கினால் விடை கிடைக்கும். நடுவே சிரிப்பும் உரையாடலும் நிறைந்திருக்கும். ஓரத்து நாற்காலிகளிலோ மூத்தோர் சிலர் புன்முறுவலுடன் வாளாவிருப்பர். கேட்ட கேள்விக்கு விடை கூறாது தலையசைப்பர். விருந்து முடியுமுன்னரே விடைபெற்றுச் செல்வர். அவர்களைப் பெருமிதக்காரர் என்றோ, மறதி மிக்கோர் என்றோ கருதிவிடுகின்றோம். பெரும்பாலும் உண்மை அதுவன்று.

பேராதனையில் ஒரு தலைமுறை

1942ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952ஆம் ஆண்டு பேராதனையில் மகாவலியின் கரையோரமாக, ஹந்தானை மலையடிவாரத்திற் குடியேறியது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கல்லூரிகளிலிருந்து புகையிரதமேறி வந்த மாணவர் பலர், பேராசிரியர்கள் க. கணபதிப்பிள்ளை, சு. வித்தியானந்தன் போன்றாரிடம் அங்கே பாடங்கேட்டனர். 1960களில் வித்தியானந்தன் அவர்கள் நாட்டுக்கூத்துக்களைச் செப்பஞ்செய்து மேடையேற்றியபோது, அண்ணாவியாரின் பாட்டையும் மத்தள ஒலியையும் செவியாரப் பருகியோர் அவர்கள். 1962இல் மருத்துவ பீடமும் பேராதனையில் எழுந்தது. கற்றுத் தேறியோருட் சிலர் ஆசிரியராய், வைத்தியராய், பொறியியலாளராய்க் கண்டியிலும் பேராதனையிலும் கம்பளையிலுமே தங்கி இல்லற வாழ்வு நடத்தினர். அக்காலத்து இருபது வயதினர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.

இஃது ஓர் ஊருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதினரோ அதற்கு மேற்பட்டோரோ ஆவர்; அதாவது ஏறத்தாழ எண்மருள் ஒருவர். அதன்பின் அத்தொகை மேலும் பெருகியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய அறிக்கை, உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓரளவிற் கேட்டற்குறை உண்டென்றும், அவர்களுள் 43 கோடியினர் உதவி வேண்டிய நிலையிலுள்ளனர் என்றும் கூறுகின்றது. அறுபது வயதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இந்நிலையினர். எனவே, நரையும் திரையும் போல முதுமைக்குரிய பொது நிகழ்ச்சியே இது. நரையை எவரும் மறைக்கலாம். செவித்தளர்ச்சியை மறைக்க முயல்வோர் தம்மையே மறைத்துக்கொள்ள நேர்கின்றது.

செவி தொழிற்படும் முறை

புறச்செவி ஒலியலைகளைத் திரட்டிச் செவிப்பறைக்கு அனுப்புகின்றது. செவிப்பறை அதிர, நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றென்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அவற்றுள் கடைசியான ஏந்தியுருவே நம் உடலின் மிகச் சிறிய என்பாகும். அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே. உட்செவியிலே நத்தைச்சுருள் என்னும் உறுப்புளது. அதனை விரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் இருக்கும். பாய்மம் நிறைந்த அச்சுருளினுள் ஒவ்வொரு செவிக்கும் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றி மூளைக்கு அறிவிப்பவை இவையே.

சுருளின் எல்லா இடமும் எல்லா ஒலிக்கும் உரியதன்று. வீணையின் தந்தியில் ஒவ்வொரு மெட்டும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியதாதல் போல, சுருளின் வாயிலருகே உள்ள பகுதி உயர்ந்த மீடிறனுக்கும், உச்சியில் உள்ள பகுதி தாழ்ந்த மீடிறனுக்கும் உரியன. ஹங்கேரி நாட்டுத் தொலைபேசி ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்த பெக்கெசி என்பார், ஒலியலை இச்சுருளிற் பரவும் முறையைக் கண்டு விளக்கினார். அதற்காக 1961ஆம் ஆண்டு நோபற் பரிசு பெற்றார்.

மனிதனின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு அவை மீள வளரும். நமக்கு அவ்வரம் இல்லை. பிறக்கும்போது பெற்ற முதலை வைத்தே வாழ்நாள் முழுதும் செலவு செய்கின்றோம். அச்செலவு முதலில் நிகழ்வது சுருளின் வாயிற்பக்கத்திலேயாம். ஆகவே உயர்ந்த மீடிறனுடைய ஒலிகளே முதியோருக்கு முதலில் மறைகின்றன. வயதோடு பேரொலியும் சேர்ந்தால் தேய்வு விரைவுறும். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று அரும்பொருட்சாலையாக உள்ளது. அங்கே ஓய்ந்து நிற்கும் உருளை இயந்திரங்களைக் காண்போர், அத்தகைய இயந்திரங்கள் ஓயாது இரைந்த தொழிற்சாலைகளில் நாள்தோறும் நின்ற தொழிலாளரின் செவிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீரிழிவும் புகைபிடித்தலும் சில மருந்துகளும் செவிக்குக் கேடு விளைப்பன.

இத்தேய்வு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நிகழ்வது. ஆதலின், அதனை இறுதியாக அறிபவர் அதற்கு உரியவரே. 'இக்காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை' என்பதே அவர் முறைப்பாடாக இருக்கும். வீட்டிலுள்ளோர் வானொலியின் ஒலி உயர்ந்துகொண்டே செல்வதைக் கண்டு உண்மையை முன்னரே அறிந்திருப்பர்.

உயிர் கேட்கும், மெய் கேளாது

முதுமைச் செவிக்குறையின் இயல்பைத் தமிழிலக்கணம் கற்றோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தோம். மிடற்றிலிருந்து தடையின்றி எழும் உயிரொலி வலிமை மிக்கது. அதன் ஆற்றலிற் பெரும்பங்கு தாழ்ந்த மீடிறனில் உளது. வல்லின மெய்களோ இதழும் நாவும் அண்ணமும் பொருந்திப் பிரியும் கணத்திற் பிறந்து மறைவன, வலிமை குறைந்தவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தறியும் குறிப்புக்கள் பெரும்பாலும் 2,000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த மீடிறனில் அமைந்துள்ளன. சகரத்தின் சீறல் அதனினும் மேலே செல்வது. முதுமையில் முதலில் தேய்வது இப்பகுதியே அன்றோ?

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கடை, சடை, தடை, படை என்னும் நான்கு சொற்களும் முதன்மெய் ஒன்றினாலேயே வேறுபடுவன. மெய் மங்கி உயிர் மட்டும் செவியில் விழுந்தால் நான்கும் ஒன்றாகிவிடும். 'தம்பி கடைக்குப் போனான்' என்று மகள் கூறினாள். யாரோ எங்கோ போனார் என்பது தந்தைக்கு விளங்கியது. எங்கே என்பது விளங்கவில்லை. அவருக்கு ஒலி கேட்டது. ஓசையின் ஏற்ற இறக்கம் கேட்டது. பேசியவர் மகள் என்பதும் தெரிந்தது. பொருள்தான் கைநழுவிற்று. 'கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை' என்று முதியோர் கூறுவது சாட்டன்று. உடற்கூற்றின்படி சரியான கூற்றாகும்.

இடம், பொருள் நோக்கி மூளை விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஊகிக்க இடந்தராத சொற்கள் சில உண்டு. ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் ஆகியன அவை. கடைக்காரன் சொன்ன விலை ஆறா நூறா என்பதை ஊகத்தால் அறிதல் எங்ஙனம்? ஆதலினாற்றான் முதியவர் கதையைப் பற்றிக்கொண்டு பெயர்களைத் தவறவிடுகின்றார்; பிறர் அதனை மறதி என்கின்றனர்.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு இத்தகைய முதியவர் ஒருவர் செல்வதாகக் கொள்வோம். மணியோசை அவருக்கு நன்கு கேட்கும். தேவாரம் பாடும்போது உயிரெழுத்துக்கள் நீண்டிசைக்கும். சொற்களோ சிறுவயதிலேயே நெஞ்சிற் பதிந்தவை. ஆகவே அவர் பிசகாமல் உடன் பாடுவார். பின்னர் நிகழும் சொற்பொழிவு புதிய சொற்களால் ஆயது. மண்டபச் சுவரிற் பட்டு எதிரொலிப்பது. அதில் அவர் ஒரு வாக்கியத்தையும் முழுதாகப் பெறார். உடன் பாடியவர் உரையின்போது வாளாவிருப்பதைக் கண்டோர், 'வேண்டியதுதான் அவருக்குக் கேட்கும்' எனச் சொல்லிச் சிரிப்பர். செவிடன் காதிற் சங்கூதினாற் போல என்பது பழமொழி. முதியோரைப் பொறுத்தவரை அது பொருந்தாது. சங்கொலி அவர்களுக்குக் கேட்கும், கேளாதது சொல்லே.

உரத்துக் கத்தினால் தீர்ந்துவிடாதா? தீராது. கத்தும்போது வலுப்பெறுவது பெரும்பாலும் உயிரொலியே. மெய்யொலி அந்த அளவிற்கு வலுப்பெறுவதில்லை. மேலும், மயிர்க்கலம் தேய்ந்த செவியில் மெல்லொலி கேளாது; வல்லொலியோ சட்டென்று பேரொலியாய்த் தாக்கும். கேட்கும் எல்லைக்கும் பொறுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிவிடுகின்றது. 'உரத்துப் பேசு' என்று சொன்ன பெரியவரே மறுகணம் 'ஏன் கத்துகிறாய்?' எனச் சினப்பதற்குக் காரணம் இதுவாகும், முதுமையின் முரண்டன்று.

'ஒன்றுமில்லை' என்னும் சொல்

இனிச் சமூக வாழ்வை நோக்குவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மனத்திற் கொள்வோம். நாற்பதாண்டு வகுப்பறையில் ஆண்ட குரல் அவருடையது. இரவு உணவின்போது மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஏதோ சொல்லிச் சிரிக்கின்றனர். 'என்ன?' என்று வினவுகின்றார். ஒருமுறை திருப்பிச் சொல்கின்றனர். விளங்கவில்லை. மீண்டும் வினவுகின்றார். 'ஒண்டுமில்லை, சும்மா கதைச்சனாங்கள்' என விடை வருகின்றது. சொன்னவருக்கு அது சிறு விடயம். இருமுறை சொல்லும் அளவுக்குப் பெறுமதியற்ற வேடிக்கை. கேட்டவருக்கோ அச்சொல் கதவொன்றை அடைத்தது போலாம். நாளுக்குப் பத்துக் கதவுகள் அடைபட்டால், சில திங்களுள் அவர் 'என்ன?' என வினவுவதையே நிறுத்திவிடுவார். பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். பின்னர் உணவையே தம் அறைக்குக் கொண்டுவரச் சொல்வார்.

வாழ்க்கை பெரும்பேச்சுக்களால் மட்டும் ஆனதன்று. மழை பெய்யும்போலும் என்பது, அடுத்த வீட்டுப் பலாமரம் காய்த்தது என்பது, பேரன் வகுப்பிற் செய்த குறும்பு என்பது ஆகிய சில்லறைப் பேச்சுக்களே மனிதரை மனிதரோடு பிணைக்கும் நார். இன்றியமையாத செய்தியைச் சுற்றத்தார் எப்படியும் அறிவித்துவிடுவர். சில்லறைப் பேச்சே முதலிற் கைவிடப்படுகின்றது. மருந்து உண்ணுமாறும் கையொப்பமிடுமாறும் மட்டும் பேசப்படும் ஒருவர், வீட்டிலிருந்தும் விருந்தாளி ஆகின்றார்.

மலைநாட்டில் வாழும் தமிழ் முதியோருக்கு வேறொரு சுமையும் உண்டு. இல்லத்திலே தமிழ், சந்தையிலும் பேருந்திலும் சிங்களம், வைத்தியரிடமும் வங்கியிலும் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் அவர் நடமாடுகின்றார். தாய்மொழியில் விடுபட்ட மெய்யை ஊகித்து நிரப்புவது எளிது. பின்னர் கற்ற மொழியில் அது கடினம், சுற்றிலும் இரைச்சல் இருப்பின் மிகக் கடினம். ஆகவே சிங்களத்திற் சரளமாகப் பேசிய பெரியவர் கண்டிச் சந்தைக்குப் போக அஞ்சுகின்றார். மொழி மறந்ததெனப் பிறர் எண்ணுவர், மறந்தது மொழியன்று.

பிள்ளைகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருப்பின் தொலைபேசியே உறவின் பாலம். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹேட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்தும். அதற்கு மேலுள்ள மெய்யொலிக் குறிப்புக்கள் கம்பியிலேயே நின்றுவிடும். உதட்டசைவும் முகக்குறிப்பும் தெரிவதில்லை. இக்காலத்தில் முகம் கண்டு பேசும் வசதி வந்திருப்பது முதியோருக்குப் பேருதவியாகும். அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகள், வெறுங்குரல் அழைப்பை விடுத்து முகங்காட்டிப் பேசுதலை வழக்கமாக்கிக்கொள்ளுதல் நன்று.

கட்புலன் இழந்தாரிடம் உலகம் இரக்கங் காட்டுகின்றது; செவிப்புலன் குன்றியாரை எள்ளி நகைக்கின்றது. நம் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் காது கேளாத பாத்திரம் பெரும்பாலும் சிரிப்பூட்டவே புகுத்தப்படுகின்றது. மூக்குக்கண்ணாடி அணிவோர் படித்தவராகத் தோன்றுவர். செவிக்கருவி அணிவோர் கிழவராகத் தோன்றுவர் என்னும் நாணமும் இதனாலேயே எழுவது.

மூளையும் தனிமையும்

செவித்தளர்ச்சியின் கேடு செவியோடு நிற்பதில்லை என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. மூளைத்தேய்வு என்னும் மறதிநோயைப் பற்றி 'லான்செற்' மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு, 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகள் வெளியிட்டது. நாம் மாற்றியமைக்கக்கூடிய ஏதுக்கள் 2024ஆம் ஆண்டு அறிக்கையிற் பதினான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக நடுவயதிலிருந்து தொடரும் கேட்டற்குறை வைக்கப்பட்டுள்ளது. சிதைந்த ஒலியை விளங்கிக்கொள்ள மூளை இடையறாது உழைத்துக் களைத்தலும், உரையாடல் குன்றித் தனிமை மிகுதலும் இதற்குக் காரணமாகலாம் என்பர்.

ஆயினும் அறிவியலில் மிகைபடக் கூறல் ஆகாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிபு 2023இல் வெளிவந்தது. செவிக்கருவியும் பயிற்சியும் பெற்றோரின் அறிவாற்றல், பெறாதவரோடு ஒப்பிடும்போது மொத்தத்தில் வேறுபடவில்லை. எனினும் இதயநோய் முதலிய காரணங்களால் ஏற்கெனவே அபாயம் மிக்கிருந்தோர் பிரிவில், கருவி பெற்றாரின் தளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே கருவி அணிந்தால் மறதிநோய் வாராது என்று எவரும் வாக்களித்தல் முறையன்று. மறதிநோய்க்கு அஞ்சி அன்று, இன்றைய இரவு உணவு மேடையில் இடம்பெறும் பொருட்டே கருவியை நாடுதல் வேண்டும்.

கருவியின் வரலாறும் ஆற்றலும்

முற்காலத்தில் ஊதுகொம்பு போன்ற செவிக்குழலே கருவியாயிருந்தது. இசைமேதை பீற்றோவன் அத்தகைய குழல்களைப் பயன்படுத்தினார். பின்னர் 1818 அளவிலிருந்து நண்பர்கள் தம் பேச்சை எழுதிக்காட்டும் ஏடுகளையே துணைக்கொண்டார். மின்னாற் செயற்படுங் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைப் பொதுமக்கள் வாங்கும் பொருளில் முதன்முதற் பயன்படுத்தியது செவிக்கருவியே; 1952இன் இறுதியில் அது விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையிற் பெட்டியும் காதில் கம்பியுமாக இருந்த கருவி, காதின் பின்னே மறையும் அளவிற்குச் சுருங்கிற்று. 1990களில் எண்முறைக் கருவிகள் வந்தபின், எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்காது, ஒருவர் இழந்த மீடிறனை மட்டும் வேண்டிய அளவு பெருக்கவும், பேரொலி செவியைத் தாக்காது தணிக்கவும் இயன்றது.

எனினும் மூக்குக்கண்ணாடியோடு இதனை ஒப்பிடுதல் ஏமாற்றத்துக்கு வழி வகுக்கும். கண்ணாடி அணிந்த கணத்திலே எழுத்துத் தெளிகின்றது. செவிக்கருவி அணிந்த கணத்திலோ காகிதம் சலசலத்தலும், மின்விசிறி இரைதலும், தம் குரலே அந்நியமாய் ஒலித்தலும் முதியவரைத் திடுக்கிடச் செய்யும். பல்லாண்டு கேளாதிருந்த ஒலிகளை மூளை மீண்டும் வரிசைப்படுத்தப் பல கிழமைகள் செல்லும். முதற்கிழமையில் அமைதியான அறையில் ஒருவரோடு சில மணி நேரம் பேசிப் பழகி, பின்னர் இருவர், மூவர் எனப் பெருக்கிச் சந்தைக்கும் மண்டபத்துக்கும் செல்வதே நல்ல முறை. கருவியைப் பொருத்தியவரிடம் இரண்டு மூன்று முறை மீண்டுஞ் சென்று திருத்திக்கொள்ளுதலும் இன்றியமையாதது. இரு செவியுந் தளர்ந்தவருக்கு இரு கருவிகளே ஏற்றவை. ஒலி எத்திசையினின்று வருகின்றது என்பதை அறிய இரு செவியும் வேண்டும். பேராதனை போன்ற ஈரமிக்க மலைப்பிரதேசத்தில் ஈரப்பதன் கருவிக்குப் பகை. இரவிற் கழற்றித் துடைத்து, ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட மூடியுள்ள பெட்டியில் வைத்தல் நன்று.

கருவியாற் பயன்பெறக்கூடியோருள் நூற்றுக்குச் சுமார் 17 பேரே அதனைப் பயன்படுத்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. விலை மிகுதி ஒரு காரணம்; நாணம் மற்றொன்று. வாங்கியும் அலுமாரி இழுப்பறையில் உறங்கவிடுவோர் பலர். பழகும் காலத்தில் ஊக்குவிக்க ஒருவரின்மையே இதற்கு முதற்காரணம் எனலாம்.

கருவியை நாடுமுன்

செவி மந்தமாயிற்றென்றவுடன் விளம்பரங் கண்டு கருவி வாங்குதல் தகாது. காதுக்குறும்பி இறுகி அடைத்திருத்தலே சிலருக்குக் காரணமாயிருக்கும். அதனை வைத்தியர் அகற்றினாற் போதும். குச்சியும் ஊசியும் இட்டுத் தாமே அகற்ற முயல்வது செவிப்பறைக்கு ஊறு. பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. முதலில் அத்தகைய இடத்திற் பரிசோதித்துக் கேட்டற்பதிவு வரைபடம் பெறுதல் வேண்டும். ஒரு காது மட்டும் மந்தமாதல், தலைச்சுற்றல், காதிலிருந்து சீழ் வடிதல் ஆகியவை இருப்பின் தாமதியாது காட்டுக. ஓரிரு நாளுள் திடீரெனக் கேள்வி மறைந்தால் அது அவசர நோயாகும். சில நாட்களுள் மருந்து தொடங்கினால் மீளும் வாய்ப்பு உண்டு. 'தானாகச் சரிவரும்' என்று கிழமைகளைக் கழித்தால் அவ்வாய்ப்பு நழுவும்.

மொழிப்பிரச்சினை இங்கேயும் உண்டு. செவியைச் சோதிப்போர் வெறும் ஒலிகளோடு சொற்களையும் கேட்பித்துச் சோதிப்பர். தமிழ் முதியவருக்குத் தமிழ்ச் சொற்களாலேயே சோதனை நிகழ்தல் வேண்டும். பிறமொழிச் சொற்களால் நிகழின் செவியின் குறை எது, மொழியின் குறை எது என்று பிரித்தறிய இயலாது. ஆகவே தமிழ் பேசும் செவிப்புலனியலாளர் நமக்குத் தேவை. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் பேச்சு, செவிப்புலன் ஆகிய துறையிற் பட்டப்படிப்பை நடத்துகின்றது. இந்தியாவில் 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் புகழ்பெற்றது. வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டையே நோக்கும் நம் உயர்வகுப்பு மாணவர் இத்துறையையும் எண்ணிப் பார்ப்பாராக.

சுற்றத்தார் கடன்

கருவி பாதித் தொண்டையே செய்யும். மறுபாதியைச் செய்ய வேண்டியவர் பேசுவோரே. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்கின்றது. ஆனால் உண்டியும் உறையுளும் அளிப்பதைச் சட்டத்தாற் கட்டாயப்படுத்தலாம். உரையாடலை எச்சட்டத்தாலும் கட்டாயப்படுத்த இயலாது. அது நம் பழக்கத்தால் வரவேண்டியது. பழகுதற்கு எளியன சில பின்வருமாறு:

1. முதலிற் பெயர் சொல்லியோ கையைத் தொட்டோ கவனத்தைத் திருப்புக, பின்னர் பேசுக. அடுக்களையிலிருந்து கூவுதல் பயனில்லை.

2. முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே அமர்ந்து பேசுக. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதட்டசைவு இருளில் மறையும்.

3. கத்தாது, சற்று மெல்ல, சொல்லுக்குச் சொல் தெளிவாகக் கூறுக.

4. விளங்காவிடின் அதே சொல்லை மீண்டும் மீண்டும் கூறாது, வேறு சொல்லாற் கூறுக. 'கடைக்கு' என்பது விளங்காவிடின் 'சாமான் வாங்க' என்றால் விளங்கும்.

5. பேச்சுப்பொருள் மாறும்போது, 'இப்போது தங்கையின் கலியாணத்தைப் பற்றிப் பேசுகிறோம்' என ஒரு வாக்கியத்தால் அறிவிக்க.

6. பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துக.

7. 'ஒன்றுமில்லை' என்று ஒருபோதும் கூறாதிருக்க. சிறு வேடிக்கையாயினும் மீண்டும் சொல்க.

செவி தளர்ந்தோருக்கும் கடன் உண்டு. விளங்காதபோது விளங்கியது போல் நடித்தல் தமக்கும் பிறர்க்கும் தீங்கு. 'எனக்குக் காது மந்தம், முகம் பார்த்துப் பேசுங்கள்' என்று நாணமின்றிக் கூறுதலும், 'என்ன?' என்று மட்டும் வினவாது 'எத்தனை மணிக்கு என்றீர்கள்?' எனத் தவறிய பகுதியைக் குறித்து வினவுதலும் நல்ல பழக்கங்கள்.

பழைய மாணவர் சங்கங்களும் சில செய்யலாம். ஒலிபெருக்கிக்கு மிக அருகில் அன்றி, பேச்சாளர் முகம் தெரியும் முன்வரிசையில் மூத்தோருக்கு இடம் ஒதுக்குக. பேச்சுக்களின் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் அளிக்க. விருந்தின்போது இசைத்தட்டை நிறுத்தி, பெருமண்டபத்துக்கு அடுத்துள்ள அமைதியான அறையொன்றைப் பழங்கதை பேசத் திறந்துவைக்க. புதிய மண்டபங் கட்டும்போது, ஒலிவாங்கியின் பேச்சை நேரே செவிக்கருவிக்குக் கடத்தும் கம்பிச்சுற்று முறையையும் திட்டத்திற் சேர்த்தல் தகும். அத்தகைய சுருள் பொருத்திய கருவி அணிந்தவருக்கு எதிரொலியும் இரைச்சலும் இன்றிப் பேச்சு மட்டும் கேட்கும்.

மாணவருக்கு ஒரு சொல்

முதுமை தொலைவிலுள்ளது என மாணவர் எண்ணலாம். மயிர்க்கலத்தின் செலவு இன்றே தொடங்கிவிட்டது. நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் பேரொலியில் இசை கேட்டுச் செவியைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் உள்ளனர் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். 80 டெசிபல் அளவான ஒலியைக் கிழமைக்கு நாற்பது மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபலாயின் நான்கு மணி நேரமே. காதொலிக் கருவியின் ஒலியை அறுபது வீதத்துக்கு மேல் உயர்த்தாதிருத்தலும், திருவிழாவில் ஒலிபெருக்கியின் முன் நில்லாதிருத்தலும், விழாவுக்குப்பின் காதில் இரைச்சல் தொடர்ந்தால் அதனை எச்சரிக்கையெனக் கொள்ளுதலும் அறிவுடைமையாம்.

இவ்விழாவுக்கு வரும் மூத்தோர், கல்லூரியின் எழுதப்படாத வரலாற்றைத் தம் நெஞ்சிற் சுமந்து வருகின்றனர். பழைய அதிபரின் நடையையும், விடுதிச் சோற்றின் சுவையையும், ஆட்டக்களத்து வெற்றிகளையும் கூறவல்லார் அவர்களே. அவர்களோடு உரையாட விரும்பும் மாணவர் கூட்டத்தின் நடுவே நின்று கூவாது, ஓரத்து நாற்காலிக்குச் சென்று எதிரே அமர்ந்து, வெளிச்சத்தில் முகங்காட்டி, மெல்லத் தெளிவாக ஒரு கேள்வியைக் கேட்பாராக. விடை வரச் சற்று நேரமாகலாம். காத்திருத்தல் நம் கடன்.